இடிக்கும் முன் ஒரு வார்த்தை

சென்ற மாதம் என் அம்மாவின் ஊரிலிருந்து இரண்டு பேர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். "பழைய மாதா கோயிலை இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறோம் ஐயா. சுவரெல்லாம் ஓதம், காரை உதிருது" என்றார்கள்.

அந்தக் கோயில் மணியில் பிரெஞ்சு எழுத்து இருக்கும். நாலாவது படிக்கும்போது ஆயாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "என் பேரன் மணியைப் படிச்சிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பாசம் இருக்கிறதுதான். ஆனால் பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

ஓதம் ஏன் வந்தது? அது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர். உள்ளே ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். முப்பது வருஷத்துக்கு முன் அதன்மேல் சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்டும் அடித்தார்கள். ஈரம் போக வழியில்லை, உப்புப் பூத்தது, காரை உதிர்கிறது. வயதினால் வந்த கேடு இல்லை, நாம் செய்துவைத்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசலாம். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள்.

பிரான்சிலும் இந்தக் கதை நடந்தது. 1905-இல் அரசையும் திருச்சபையையும் சட்டம் பிரித்தபின், கிராமக் கோயில்கள் பல கவனிப்பாரின்றிப் பாழாயின. மொரீஸ் பாரெஸ் என்ற எழுத்தாளர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். சிற்பச் சிறப்புள்ள பெரிய கோயில்களை மட்டும் காத்தால் போதாது, சாதாரணக் கிராமக் கோயில்களையும் காக்க வேண்டும் என்று சபையில் வாதாடினார். 1914-இல் புத்தகமாகவும் போட்டார். அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் 1913 டிசம்பர் 31-இல் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் அங்கே வந்தது.

திருவிழாவுக்கு இடம் போதவில்லை என்கிறார்கள். நியாயம்தான். பக்கத்தில் கோயில் நிலம் கிடக்கிறது, கூடம் கட்டட்டும். நம் பாட்டன் பூட்டன் ஞானஸ்நானம் வாங்கிய இடத்தை இடித்துவிட்டால் எந்தப் பணத்தாலும் திருப்பிக் கட்ட முடியாது.

பணம் தருகிறேன் என்றேன். ரசீதில் "பழுது பார்க்க மட்டும்" என்று எழுதச் சொன்னேன். குமாஸ்தா புத்தி! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாமியாரைக் கேட்டுட்டு வர்றோம் ஐயா" என்று போனார்கள்.

இன்னும் வரவில்லை. பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.