பயிரின் காலமும் தொண்டரின் காலமும்

சேப்பங்கிழங்கை நட்டுக் கிழங்கெடுக்க ஏறக்குறைய எட்டு மாதம் ஆகும். யங்கோனா என்று ஃபிஜித் தீவினர் வழங்கும் கவாச் செடியின் வேர் முதிர்வதற்கு மூன்று ஆண்டுக்குக் குறையாது. சத்திழந்துபோன மண்ணைப் பூனைக்காலிக் கொடியிட்டுத் தேற்ற வேண்டுமானாலும் அரை வருஷ காலமாவது நிலத்துக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு, செல்வம் மிகுந்த தேசங்களின் திருச்சபைகளிலிருந்து புறப்பட்டுப் பசிபிக் தீவுகளுக்குச் சென்று, இரண்டு வாரமோ மூன்று வாரமோ தங்கி, பாத்தி கட்டி, நிழல்வலைப் பந்தல் போட்டு, நீர்க்குழாய் பதித்து, ஊராரோடு கண்ணீர் மல்கப் பிரார்த்தனை செய்து விடைபெற்று வரும் கிறிஸ்தவத் தொண்டர்களின் பிரயாசையை எண்ணிப் பார்க்கும்போது, அவர்களுடைய அன்பில் எள்ளளவும் ஐயமில்லாத எனக்கும் ஒரு கவலை எழாமல் இல்லை. அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் அந்தத் தோட்டம் யாருடையது?

இக்கேள்விக்குச் செயலால் விடை சொன்ன ஓர் இடம் உண்டு. ஃபிஜி நாட்டின் மூன்றாவது பெரிய தீவும், எரிமலை மண்ணின் வளத்தால் தோட்டத் தீவு என்று பெயர் பெற்றதுமாகிய தவேயுனியில், கத்தோலிக்க மரிஸ்ட் சபையார் 1969ஆம் ஆண்டில் துத்து என்னும் இடத்தில் ஒரு கிராமியப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். மரிஸ்ட் குருமார் ஃபிஜிக்கு முதன்முதல் வந்தது 1844இல். ஆகையால் நிலையம் தோன்றியபோது அவர்கள் அந்த மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் வேரூன்றியவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. பள்ளிப்படிப்பு பாதியில் நின்று, பட்டணத்தில் வேலையும் கிடைக்காமல், கிராமத்திலும் கையைப் பிசைந்துகொண்டு நின்ற வாலிபர்களை அவர்கள் அழைத்தார்கள். அழைத்து, தங்கள் பண்ணையில் ஏவலாட்களாக வைத்துக்கொள்ளவில்லை. சில வாரம் நிலையத்தில் பயிற்சி, பல வாரம் தன் ஊரில் தன் குடும்பத்து நிலத்தில் உழைப்பு என்று மாறிமாறி நான்காண்டு காலம் நடக்கிற அந்த முறைசாராக் கல்வியில், மாணவன் நடுகிற ஒவ்வொரு யங்கோனாக் கன்றும் அவனுக்கே சொந்தம். அதை விற்று வரும் பணத்தைச் சேமிப்பதும், பிற்பாடு அதைக் கொண்டு வீடு கட்டிக்கொள்வதும் அவன் பொறுப்பு. மணமான தம்பதிகளுக்கும், இளம் பெண்களுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் பின்னால் ஏற்பட்டன.

நான்கு வருஷம் என்பது கண்டபடி வைத்த கணக்கல்ல. யங்கோனா முதிரும் காலத்தோடு அது இசைந்திருக்கிறது. முதலாண்டில் நட்டவன் பயிற்சி முடிவதற்குள் தன் கையாலேயே வேரைத் தோண்டி விலை பேசிவிடுகிறான். பாடத்தைப் பயிரே நடத்தி முடிக்கிறது. வெளியூரிலிருந்து வரும் தொண்டர் எவ்வளவு சிரத்தையுடையவராயினும், விதைப்பை மட்டும் கண்டு அறுப்பைக் காணாமல் திரும்புகிறவராயின், அவரால் இந்தப் பாடத்தை நடத்த இயலாது.

நிலத்தின் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஃபிஜியின் நிலத்தில் ஏறத்தாழ 87 சதவீதம் பூர்வகுடி மக்களின் பொதுச்சொத்து. மதங்காலி என்னும் குலக்குழுவுக்கு உரியதாகையால் அதை விற்க வழியில்லை. அத்தகைய பூமியில், ஊர்ப் பெரியவர்களின் சம்மதத்தை ஏதோ ஒரு மரியாதைச் சடங்கு என்று எண்ணி அவசரமாக வாங்கிக்கொண்டு எழுப்பப்படும் மாதிரிப் பண்ணை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஊராரின் கண்ணுக்கு அந்நியருடைய பண்ணையே. குழாய் உடைந்தால் அதைச் சரிசெய்ய அந்நியர் மீண்டும் வரட்டும் என்று அவர்கள் காத்திருப்பதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். பிறர் பொருளில் கைவைக்கலாகாது என்பது அவர்களுடைய மரபு.

மண்ணைப் பற்றிய படிப்பினையும் தவேயுனியிடமிருந்தே கிடைக்கிறது. 1993இல் சமோவாத் தீவுகளில் இலைக்கருகல் நோய் பரவிச் சேம்புப் பயிரை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தபோது, நியூசிலாந்துச் சந்தைக்குக் கிழங்கு அனுப்பும் வாய்ப்பு தவேயுனிக்கு வந்தது. பணம் வந்தது, பணத்தின் பின்னே, ஓய்வின்றி ஒரே நிலத்தில் சேம்பையே திரும்பத் திரும்ப நடும் வழக்கமும், ரசாயன உரமும், மண் களைத்தவுடன் மலைச்சரிவிலுள்ள காட்டை வெட்டி மேலேறும் பழக்கமும் வந்தன. அப்போது அத்தீவின் விவசாயிகளே ஒன்றுகூடி அமைத்த சங்கத்துக்குத் தெய்தெய் தவேயுனி என்று பெயர். தெய்தெய் என்றால் அவர்கள் மொழியில் தோட்டம். நம் சித்த வைத்தியர்கள் விதைக்காகப் போற்றும் பூனைக்காலியை அவர்கள் நிலம் தேற்றும் மூடுபயிராகப் பரப்பினார்கள். கொடி படர்ந்து களையை அமுக்கி, வேரால் தழைச்சத்தைச் சேர்த்து, பின்பு காய்ந்து மெத்தைபோல் படிகிறது. அந்தச் சருகை ஒதுக்கி, கூர்த்தடியால் ஒரு குழி குத்தி, கிழங்கின் தலைப்பகுதியை ஒரு விரற்கடை சதையோடும் ஒரு சாண் தண்டோடும் அரிந்து அதில் இறக்கி, குதிகாலால் மண்ணை அழுத்திவிட்டால் நடவு முடிந்தது. அரிந்த கிழங்கு அடுப்புக்குப் போகிறது. தலை நிலத்துக்குத் திரும்புகிறது. இதில் வெளியார் கற்பிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், மிகக் கொஞ்சமே. கற்றுக்கொள்வதற்கோ நிரம்ப உண்டு.

தொண்டு செய்ய வருகிறவர் முதலில் கேட்கக் கற்றவராயிருக்க வேண்டும் என்பதற்கு ஃபிஜியின் சரித்திரத்திலேயே நமக்கு நெருங்கிய ஓர் உதாரணம் உண்டு. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்ட சுமார் 60,000 இந்தியருள், 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தென்னாட்டாரும் ஆயிரக்கணக்கானோர். அவர்களுடைய கரும்புத் தோட்டத் துயரத்தைப் பாடிய பாரதியாரைத் தமிழர் அறிவர். அந்தத் தோட்டங்களுக்கு 1915இல் சென்ற ஆங்கிலேயக் கிறிஸ்தவரான சி. எஃப். ஆண்ட்ரூஸ், கூலி லைன்களில் நுழைந்து அங்கிருந்தோரின் வாய்மொழியைக் கேட்டு எழுதிய அறிக்கை, ஒப்பந்த முறை ஒழிவதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. அவர் அங்கே ஒரு கட்டடமும் எழுப்பவில்லை.

எனவே, இத்தொண்டுக்கென்று நன்கொடை திரட்டும் சபைகளிடம் நான் வேண்டுவது, இருபது பேரை இரண்டு வாரத்துக்கு அனுப்பும் செலவில் இருவரை மூன்று ஆண்டுக்கு அனுப்புங்கள், அவர்கள் முதலில் அந்த ஊர் மொழியைக் கற்கட்டும் என்பதுதான். 2016 பிப்ரவரி 20ஆம் தேதி வின்ஸ்டன் என்னும் கொடும்புயல் ஃபிஜியைத் தாக்கி 44 உயிர்களைக் கொண்டுபோனபின், அங்குள்ளவர்களுக்கு அரிசி மூட்டையோடு கூடவே நடுவதற்கு நாற்றும் தண்டும் தேவைப்பட்டன; எந்த மேட்டில் எந்த ரகம் பிழைக்கும், யாரிடம் நாற்றுக் கேட்கலாம் என்பதெல்லாம் உள்ளூரில் வாழ்ந்து பழகியவருக்கே தெரியும்.

ஃபிஜிக் கிராமத்துக்குள் நுழையும் அந்நியன், தலைவர் முன்னே சம்மணமிட்டு அமர்ந்து, யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைத் தரையில் வைத்து, உள்ளே வர அனுமதி கேட்பது அவர்கள் சம்பிரதாயம். அதற்குச் செவுசெவு என்று பெயர். தொண்டர்களும் அப்படியே செய்கிறார்கள். வழியில் சந்தையில் விலைக்கு வாங்கி, அவர்கள் பாய்மேல் வைக்கும் அந்த வேர், அத்தீவின் யாரோ ஒரு விவசாயி மூன்று நான்கு ஆண்டுகள் களையெடுத்துக் காத்திருந்து தோண்டியெடுத்தது.