புகையிலை வரியில் மாவட்டத்துக்கு ஒரு பங்கு

பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். சுகாதார ஆய்வாளராக இருந்த காலத்தில் நாடா பிடித்து அளந்திருக்கிறேன். 91 மீட்டர் முடிவதற்குள் பெட்டிக்கடை வந்துவிடும். தூணில் கங்கு அணையாத கயிறு தொங்கும். சில்லறையாக ஒற்றை சிகரெட் வாங்குகிறவர் அதிலேயே பற்றவைப்பார். ரசீது கிழிப்போம், அபராதம் 200 ரூபாயைத் தாண்டாது. மறுநாள் கொசு ஒழிப்பு, குளோரின் பரிசோதனை என்று நாங்கள் வேறு தெருவுக்குப் போய்விடுவோம். கயிறு மறுபடி தொங்கும்.

தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08-இல் தொடங்கியபோதே தமிழகமும் அதில் இருந்தது. இதற்கான பணத்தை ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் என்ற கணக்கில் போடுகின்றன. அது தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக மாவட்டத்துக்கு வருகிறது. மாவட்டத்தில் ஓர் ஆலோசகர், ஒரு சமூகப் பணியாளர், ஓர் உளவியலாளர். மூவரும் ஒப்பந்த ஊழியர்கள்.

இந்த உளவியலாளர் பணியிடம்தான் திட்டத்தின் உயிர். எனக்குத் தெரிந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளி உதட்டுக்கடியில் புகையிலை அடக்கும் பழக்கத்தை விட முயன்று வாரந்தோறும் ஆலோசனைக்கு வந்தார். பாதியிலேயே அந்த உளவியலாளருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்தவர் வரும்வரை நாற்காலி காலியாகக் கிடந்தது. தொழிலாளி பொட்டலத்துக்கே திரும்பினார். அந்த ஆண்டும் மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் பேரணி நடந்தது, பதாகை அச்சானது, செலவுக் கணக்கும் சரியாக முடிந்தது.

2009-10 தேசிய ஆய்வில் தமிழகத்தில் வயது வந்தோரில் 16.2 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினர். 2016-17 ஆய்வில் அது 20 சதவீதம். இதே காலத்தில் நாடு முழுவதும் 34.6-லிருந்து 28.6 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பொதுச் சுகாதாரத்தில் முன்னோடி என்று பெயர் வாங்கிய மாநிலத்துக்கு இது தலைகுனிவு.

இந்த வேலைக்கான பணத்தைச் சட்டத்தாலேயே உறுதிசெய்ய முடியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1988-இல் மக்களே வாக்களித்து ஒரு சிகரெட் பெட்டிக்கு 25 சென்ட் வரியை உயர்த்தினார்கள். அதில் 20 சதவீதம் புகையிலைத் தடுப்புக் கல்விக்கென்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்தப் பணத்தில் ஒவ்வொரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறையும் தன் ஊருக்கான திட்டத்தைத் தானே தீட்டியது. பிற்பாடு அரசு அதை வேறு செலவுக்குத் திருப்பப் பார்த்தபோது நல அமைப்புகள் நீதிமன்றம் சென்று தடுத்தன. சட்டத்தில் எழுதியிருந்ததால்தான் அந்த வழக்கு நின்றது.

புகையிலைப் பொருள்களால் நம் மாநிலத்துக்கு வரும் ஜிஎஸ்டி பங்கிலும் ஒரு பகுதியை மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கென்று சட்டப்படி ஒதுக்க வேண்டும். உளவியலாளர் பணியிடத்தை நிரந்தரமாக்க வேண்டும். எத்தனை ரசீது கிழித்தோம் என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் பழக்கத்தை விட்டு ஓராண்டு தாண்டினார்கள் என்று சுகாதாரத் துறை ஒவ்வொரு மாவட்டத்தையும் கேட்கட்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதை அறிவிக்கும்படி முதல்வரைக் கேட்டுக்கொள்கிறேன்.