முடிமன்னன் பெயர் முயலுக்கு வந்த வரலாறு

வாளால் வெல்லப்பட்ட நாடு, தான் தோற்றதை அறியும்; மீண்டெழவும் முனையும். சொல்லால் வெல்லப்பட்ட நாடோ, தோற்றதே தெரியாமல் தலைமுறை தலைமுறையாகத் தோற்றுக்கொண்டிருக்கும். இதற்கு ஐரோப்பிய வரலாற்றிலேயே தக்கதொரு சான்றுண்டு.

பிராங்கர் என்னும் செருமானிய இனத்தாருக்குக் கி.பி. 768-இல் அரசனானவன் காரல். வரலாற்று நூல்கள் அவனைச் சார்லமேன், அஃதாவது பெருங்காரல், என்று குறிக்கும். 774-இல் வட இத்தாலியை வென்றான், 772 முதல் 804 வரை சாக்சானியரோடு பொருதான், 800 திசம்பர் 25-ஆம் நாள் உரோமையில் போப்பாண்டவர் மூன்றாம் இலியோவின் கையால் பேரரச முடி சூடினான், 814-இல் மறைந்தான்.

அவன் பேரரசின் கிழக்கெல்லையில் வாழ்ந்தவர் சிலாவிய இனத்தார். அவன் படையின் வலிமையை நேரிற் கண்டவர். முடிமன்னன் என்றால் அவன் ஒருவனே என்னும் நிலையில், அவனது இயற்பெயரே அவர்தம் நாவில் 'அரசன்' என்னும் பொதுச்சொல்லாயிற்று. செக்கியர் 'கிரால்' என்பர். போலந்தியர் 'குருல்' என்பர். உருசியர் 'கரோல்' என்பர். சிலாவியர் அல்லாத அங்கேரியரும் 'கிராய்' என்றனர். இலித்துவேனியர் 'கராலியசு' என்றனர். இவை யாவும் காரல் என்னும் பெயரினின்றே கிளைத்தவை என்பது மொழிநூலார் பெரும்பாலோர் முடிபு.

இனி, அக் காரல் என்னும் பெயர்க்குத்தான் பொருள் என்னை? ஆண்மகன், எளிய குடிமகன் என்பதே! அதே வேரினின்று பிறந்த 'சர்ல்' என்னும் ஆங்கிலச் சொல், முதலில் உழவனைக் குறித்துப் பின்னர் நாகரிகமறியாக் கீழ்மகனைக் குறிக்கலாயிற்று. ஒரே வேர், மேற்கே கீழ்மகன், கிழக்கே முடிமன்னன். சொல்லின் உயர்வும் தாழ்வும் வேரில் இல்லை. அதைத் தாங்கியவன் கைவாளில் இருந்தன.

வியப்பு இன்னும் முடியவில்லை. போலந்து மொழியில் 'குருலிக்' என்றால் சிற்றரசன் என்றும் பொருள். முயல் என்றும் பொருள். குழிமுயலைக் குறித்த பழைய செருமானியச் சொல், இலத்தீனிலிருந்து வந்து சிதைந்து, 'சிற்றரசன்' என்பதுபோல் ஒலித்தது. அதனைச் சிலாவியர் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டனர். ஐரோப்பாவை நடுங்கவைத்த பேரரசன் பெயர் இன்று கூண்டில் புல் மேய்கின்றது! தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று வாளேந்துவோர் எண்ணிப் பார்ப்பாராக!

ஆயின், நாம் எண்ண வேண்டியது வேறொன்று. காரலின் வரலாற்றை எழுதிய ஐன்கார்டு என்பார், அவன் பன்னிரு திங்கள்களுக்கும் தன் தாய்மொழியில் பெயர் வகுத்தான் என்று குறித்துள்ளார். உரோமைச் சீசரின் பெயர் தாங்கிய சூலையை வைக்கோல் திங்கள் என்றான். அகத்தசுப் பேரரசனின் பெயர் தாங்கிய ஆகத்தை அறுவடைத் திங்கள் என்றான். என்னே அவன் மொழிப்பற்று! ஆயினும், அவன் அரண்மனை எழுத்தும் திருச்சவை எழுத்தும் இலத்தீனாகவே இருந்தன. அப்பெயர்களுட் சில ஊர்ப்புறங்களில் நெடுநாள் வழங்கின. எனினும் இன்று செருமானியர் வழங்குவன உரோமைப் பெயர்களே. அவன் பெயரையே அரசனுக்குரிய சொல்லாக ஏற்ற போலந்தியரும் செக்கியருமோ, எட்டாம் திங்களை இன்றும் அரிவாள் திங்கள் என்றே தம் மொழியில் வழங்குகின்றனர்!

"சொல் தானே வரும், தானே போகும், தடுப்பார் யார்?" என்பாருக்கு இதுவே விடை. ஒரே மக்கள், ஒரு சொல்லை ஏற்றனர், மற்றொன்றைக் காத்தனர். காத்தமைக்குக் கரணியம், உழுவோரும் அறுப்போரும் அதனை நாள்தோறும் ஆண்டமையே.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1877 சனவரி முதல் நாள், தில்லியில் விக்டோரியா அரசி 'கைசர்-இ-இந்த்' என்று முழக்கப்பட்டார். கைசர் என்பதும் சீசர் பெயரே. ஆனால் அரசனைக் குறிக்க அச்சொல் தமிழன் நாவில் ஏறவேயில்லை. 1948-இல் இந்தியப் பேரரசர் பட்டமே ஒழிந்தது. அதே சீசரின் பெயர் 'சூலை' என்னும் உருவில் பள்ளி, அலுவலகம், முறைமன்றம் வழியாக நுழைந்து, இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குகின்றது. முழக்கிய பெயர் மறைந்தது. புழங்கிய பெயர் நிலைத்தது.

அரசனைக் குறிக்க எவன் பெயரையும் இரவல் கேளாதது தமிழ். கோன் என்றால் ஆயனும் ஆவான், அரசனும் ஆவான். ஆனிரை காப்பவனுக்கும் குடி காப்பவனுக்கும் ஒரே சொல். தொழிலால் வந்த பெயர். எவன் வாளுக்கும் அஞ்சி வந்ததன்று.

எனவே, தமிழன்பர்களே! புதுச்சொல் புனைந்து ஏட்டில் அச்சிட்டதோடு நம் கடன் முடிந்ததென்று இருந்துவிடலாகாது. பேரரசன் புனைந்த சொல்லே புழக்கமின்றி மாய்ந்தது. நாம் புனைவது எம்மட்டு? கடைக் கணக்கிலும், திருமண அழைப்பிலும், குழந்தையின் வாயிலும் ஏறாத சொல், சொல்லன்று, வெறும் எழுத்தே. நல்ல தமிழை ஆள்க! ஆளாவிடின், நம்மை ஆண்டவன் பெயரே நம் மொழியை ஆளும்.