இணையம் எவர் வீட்டு உடைமை?

ஏரிநீர் ஊருக்குப் பொது. மடை திறப்பவன் மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும், செல்வன் கழனிக்கும் எளியவன் காணிக்கும் முறைவைத்து நீர் விடுதல் வேண்டும். அவனே, "யான் காட்டும் வாய்க்காலில் நீர் கொண்டால் வரியில்லை, பிற வாய்க்காலில் கொண்டால் வரியுண்டு" என்று கட்டளையிட்டால் ஊர் பொறுக்குமா? பொறுத்தால் அஃது ஊராகுமா?

இக்காலத்து அறிவுநீர் தேங்கிய பேரேரி இணையம். அதன் மடையைத் தம் கைக்குள் அடக்கப் பெருவணிகர் ஒருமுறை முயன்றனர்; தோற்றனர். அம்முயற்சி வேறு உருவில் மீண்டும் தலைநீட்டுகின்றது. ஆகலின், நடந்ததைத் தமிழ்மக்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

2015 பிப்பிரவரியில் முகநூல் நிறுவனமும் இரிலையன்சு தொலைத்தொடர்பு நிறுவனமும் கைகோத்துத் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. அவை தேர்ந்தெடுத்த முப்பதுக்குச் சற்று மேற்பட்ட வலைத்தளங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஏனையவற்றுக்குக் காசு கட்டல் வேண்டும். பின்னர் இத்திட்டத்திற்குப் 'பிரீ பேசிக்சு' எனப் பெயர் மாற்றினர். ஏழைக்கு இணையம் என்பது அதன் வெளிப்பூச்சு. ஏழை எதைப் பார்க்கலாம் என்பதை நிறுவனமே முடிவு செய்யும் என்பது அதன் உட்பொருள்.

நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பத்து இலக்கத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்பிரவரி 8 அன்று ஆணையம் ஒழுங்குமுறை ஒன்றைப் பிறப்பித்தது: உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்றவும் இறக்கவும் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 உருவா தண்டம், அது 50 இலக்கம் வரை செல்லும். மூன்று நாளில் முகநூல் நிறுவனம் அத்திட்டத்தை இந்தியாவில் கைவிட்டது. 2018 சூலையில் இணைய நடுவுநிலையை நடுவணரசும் கொள்கையாக ஏற்றது. நடுவு நிலைமைக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே வகுத்த இனத்தார்க்கு இக்கொள்கை புதிதன்று.

"பசித்தவனுக்குக் கூழேனும் கிடைக்கின்றதே, அதனைத் தடுப்பானேன்?" என அன்று சிலர் இரங்கினர். கூழ் வார்ப்பவன் வார்க்கட்டும். ஆனால், வேறெவர் வீட்டுச் சோற்றையும் உண்ணாதபடி வாயைக் கட்டுவது ஈகையாகாது. எல்லாத் தளங்களையும் காணும் வகையில் அளவிட்ட இணையத்தை எவரும் கட்டணமின்றி வழங்கலாம்; அதனை ஆணையம் தடுக்கவில்லை. அவ்வழி திறந்தே இருக்க, வணிகர் அதனை நாடாதது ஏன்? ஈதல் அவர்தம் நோக்கமன்று. மடையே நோக்கம் என்க.

இதில் தமிழுக்கு என்ன என்று வினவுவார் உளர். தமிழுக்குத்தான் எல்லாம் உண்டு! 'இணையம்' என்னும் சொல்லை நமக்கு ஆக்கித் தந்த சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகமெங்கும் உள்ள தன்னார்வலர் உழைப்பால் மின்னூலாக்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் எளியோர் கைகளால் வளர்ந்தது. எவர் இசைவும் பெறாமல், எவருக்கும் கப்பம் கட்டாமல் இவை எழுந்தன. வழி பொதுவாக இருந்ததுதான் கரணியம். தளங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வணிகன் கைக்குப் போயிருந்தால், ஈட்டம் தாராத இத்தொண்டுகளுக்கு அவன் பட்டியலில் இடம் கிடைத்திருக்குமா? தளத்தைத் தேர்பவன் மொழியையும் தேர்கின்றான்!

இன்றைய சிக்கலுக்கு வருவோம். 2023 சூலையில் ஆணையம் செயலிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி மீண்டும் ஓர் உசாவல் தாளை வெளியிட்டது. மிகுதியாகத் தரவு பாய்ச்சும் நிறுவனங்கள் வலையமைப்புச் செலவில் பங்கு தருதல் வேண்டும் எனத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றன. கேட்பதற்கு முறைபோலத் தோன்றும். ஆனால், பெருநிறுவனம் அப்பங்கைக் கொடுத்துத் தனி விரைவும் முன்னிடமும் வாங்கிக்கொள்ளும். சிறுவெளியீட்டாளன் பின்னுக்குத் தள்ளப்படுவான். முன்வாயிலில் துரத்தப்பட்டது கொல்லை வழியே நுழையும்.

மடை பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. வாய்க்கால் கடைமடைக்கும் எட்டுதல் வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 சிற்றூராட்சிகளை ஒளியிழையால் இணைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்தின் 121 ஊராட்சிகளும், அவற்றுள் வேப்பந்தட்டை ஒன்றியத்தின் 29-உம் அதில் அடங்கும். இழை ஊராட்சி அலுவலகச் சுவரோடு நின்றுவிட்டால் யாருக்குப் பயன்? மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் உழவன் சந்தை விலையை அறிதல் வேண்டும்; கூலித் தொழிலாளி மகள் தன் பாடத்தைத் தேடிப் படித்தல் வேண்டும். இணையம் பெறுதல் கல்வி உரிமையின் கூறு எனக் கேரள உயர்நயமன்றம் 2019-இல் தீர்ப்புரைத்தது. உரிமை என்றான பின் அது நகரத்தானுக்கு ஒன்று, சிற்றூரானுக்கு ஒன்று என்றிருத்தல் தகுமோ?

இன்னொரு கொடுமையும் உண்டு. 2015-இல் ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டு வெளியிட்ட தாள் 118 பக்கமும் 20 வினாவுமாக ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் மட்டும் அறிந்த உழவனிடம் ஆங்கிலத்தில் கருத்துக் கேட்பது, கேளாமலிருப்பதற்கு மற்றொரு பெயரேயன்றி வேறில்லை.

ஆகவே யாம் வற்புறுத்துவன இவை: 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை எள்ளளவும் தளர்த்தலாகாது, ஆணையத்தின் விருப்பத்தில் தொங்கும் அதனை நாடாளுமன்றச் சட்டமாக்குதல் வேண்டும். உசாவல் தாள்கள் அனைத்தும் தமிழில் வருதல் வேண்டும். தமிழில் எழுதும் மறுமொழிக்கு நிகரான மதிப்பு வேண்டும். ஒளியிழை, பள்ளிக்கும் நூலகத்துக்கும் முதலில் சென்று சேர்தல் வேண்டும்.

அன்பர்களே! அடுத்த உசாவல் தாள் வரும்போது வாளாவிராதீர். தமிழிலேயே எழுதுங்கள், ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் இயற்றுங்கள், நும் நாடாளுமன்ற உறுப்பினரை வினவுங்கள். மடைக்கு ஊர் காவல் நிற்காவிடின், கள்வனே காவலனாவான்!