ஸ்கேனைப் பார்த்து லென்ஸைத் திட்டாதீங்க

லினியஸ் டிரைப்னு ஒரு ராணுவ கேப்டன், மெட்ராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபர். 1858-ல ஆல்பமா வந்த அவரோட திருச்சி, ஸ்ரீரங்கம் படங்களின் ஸ்கேன் இப்போ நெட்ல கிடைக்குது. அதைக் காட்டினா நம்ம பசங்கள்ல ஒருத்தன் கண்டிப்பா சொல்வான்: "அந்தக் காலத்து லென்ஸ் மச்சி, மொக்கை."

இந்தத் தீர்ப்பை என்னால ஏத்துக்க முடியல. டிரைப் பயன்படுத்தினது மெழுகு ஏத்தின காகித நெகட்டிவ். காகித நாரைத் தாண்டி வெளிச்சம் போனாத்தான் பிரிண்ட். எக்ஸ்போஷரும் நீளம், காத்துல ஆடுற தென்னை ஓலை எந்த லென்ஸ்லயும் கலங்கித்தான் விழும். போதாக்குறைக்கு, சில படங்கள்ல மேகத்தை நெகட்டிவ் மேல கையாலயே வரைஞ்சிருக்கார்! அதுக்கும் லென்ஸுக்கா மார்க்?

நம்ம 35 எம்எம் ஃபிலிமுக்கும் இதே கதைதான். நுணுக்கமான கோடுகளோட கான்ட்ராஸ்ட்டை லென்ஸ் 80 சதவீதம் காப்பாத்துது, ஃபிலிம் 70, ஸ்கேனர் 50-ன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். எல்லாத்தையும் பெருக்கினா 28 சதவீதம். லென்ஸ் சுமார் ரகம், 60-தான்னா 21. லென்ஸ்ல 20 புள்ளி வித்தியாசம், ஸ்க்ரீன்ல வெறும் 7. லேப்ல ஷார்ப்பனிங்கைக் கொஞ்சம் ஏத்திவிட்டா அந்த 7-ம் போச்சு. வாட்ஸ்அப் வேற தன் பங்குக்கு நசுக்கும்.

அதுக்காக ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லல. ஆயிரங்கால் மண்டபத் தூண் ஃப்ரேம் ஓரத்துல வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா அது பெரும்பாலும் லென்ஸ் வேலைதான். வெயிலுக்கு எதிரா எடுத்தா வர்ற ஃப்ளேரையும் ஓரளவு நம்பலாம். ஷார்ப்னெஸ்ஸை மட்டும் நம்பாதீங்க. ஆனா செகண்ட் ஹேண்ட் மேனுவல் லென்ஸ் வாங்குற ஜூனியர்ஸ் அதை மட்டும்தான் பார்க்கிறாங்க. மெஸ் பில்லை மிச்சம் பிடிச்ச காசு, பாஸ்!

விக்கிறவர்கிட்ட நெகட்டிவையே கேட்டு, லூப் வெச்சுப் பாருங்க. முடிஞ்சா லென்ஸையே வாங்கி, அடாப்டர் போட்டு, ட்ரைபாட்ல நிறுத்தி ராஜகோபுரத்தை எடுங்க. 236 அடி, 13 நிலை, நிறைய சுதைச் சிற்பம். இதைவிட நல்ல டெஸ்ட் சார்ட் எங்க கிடைக்கும்? (1987-ல தான் கட்டி முடிச்சாங்க, பாவம் டிரைப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.) அபெர்ச்சரை முழுசாத் திறந்து ஒண்ணு, எஃப் 8-ல ஒண்ணு. ரெண்டோட ரா ஃபைலையும் 100 சதவீதத்துல திறந்து, நடுவுல இருக்கிற சிற்பமும் ஓரத்துல இருக்கிற சிற்பமும் ஒரே தெளிவுல இருக்கான்னு பாருங்க.