உதைக்கிற மாட்டை அடிக்காதீர்கள்

எங்கள் சிவப்பி ஜெர்சிக் கலப்பு, இரண்டு ஈத்து கண்டவள். கறக்க உட்கார்ந்தால் காலை நகர்த்தாமல் நிற்பாள். அவள் ஒரு நாள் விடியற்காலையில் பால் செம்பை உதைத்துத் தள்ளினாள். பால் மண்ணோடு போன கோபத்தில் கயிற்றை மடித்து முதுகில் இரண்டு போட்டேன். மறுநாளும் உதைத்தாள், பின்னங்கால்களைக் கட்டிக் கறந்தேன். மூன்றாம் நாள்தான் வலது பின்காம்பு கையில் சுட்டது. பீய்ச்சினால் பால் திரிதிரியாக வந்தது. மடிநோய். டாக்டர் வந்து ஊசி போட்டும் அந்தக் காம்பு மீளவில்லை. இன்றும் மூன்று காம்பில்தான் கறக்கிறாள். வலிக்கிறது என்று முதல் நாளே சொன்னாள், நான் அடித்தேன்.

சந்தையில் 'உதைகாலி' என்று அடிமாட்டு விலைக்குப் போகும் மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம், விற்பதற்கு முன் யாராவது அந்த மடியைத் தொட்டுப் பார்த்தார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. சாதுவான மாடு திடீரென்று முரண்டு பிடித்தால் அது திமிர் இல்லை.

மாடு வலியை எளிதில் வெளியே காட்டிக்கொள்ளாத பிறவி. நல்ல நிலையில் இருந்தால் ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அது குறைந்தாலே கவனிக்க வேண்டும். கன்று போட்ட ஓரிரு நாளில் தலையை விலாப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டு, காதும் சில்லிட்டிருந்தால், கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போனதால் வரும் பால் காய்ச்சல் அது. பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்திருக்கும். டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். தாமதித்தால் உயிரே போய்விடும். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

சொசைட்டியில் பாலின் கொழுப்பை அளக்க மெஷின் வைத்திருக்கிறோம். பால் கொடுக்கிறவளைப் பார்க்கக் கறப்பவரின் கண்ணும் கையும்தான் உண்டு. தடுப்பூசி முகாமுக்கு வரும் மருத்துவர்கள் கறக்கிற பெண்களை உட்காரவைத்து அரை மணி நேரம் இந்த அறிகுறிகளைச் சொல்லித் தர வேண்டும். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்த்தாலே திரி தெரிந்துவிடும். செலவு ஒரு தட்டு.

போன வாரம் சிவப்பியின் மகள் தவிட்டுத் தண்ணீரில் வாய் வைத்ததும் எடுத்துக்கொண்டாள். மடியைத் தொட்டேன், சூடில்லை. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்குக்கு அடியில் ஒரு கருவேல முள்.