பிரியவும் மாட்டோம், பணியவும் மாட்டோம்!

தோழர்களே,

போன வாரம் எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போல் வந்துச்சு. "பிரிட்டன்ல வச்ச மாதிரி நமக்கும் ஒரு வாக்கெடுப்பு வச்சா என்ன? தமிழ்நாடு தனியா போகணுமா? ஆம் / இல்லை." போட்டது ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பன். கோபக்காரன், நல்லவன். பத்து நிமிஷத்துல குரூப்ல பாதிப் பேர் 'ஆம்' அமுக்கிட்டாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீ குடிக்கப் போனேன். நாங்க ஒட்டின மாநில சுயாட்சி போஸ்டரைப் பாத்துட்டு ஒரு அண்ணாச்சி கேட்டார்: "என்ன தம்பி, நாட்டைப் பிரிக்கக் கெளம்பிட்டீங்களா?"

ஒருத்தன் போலாம்கிறான். இன்னொருத்தர், உரிமைன்னு வாயைத் திறந்தாலே நாம போகப்போறோம்னு சொல்றார். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ ஆறினாலும் பரவாயில்லை, முழுசா படிங்க.

முதல்ல நண்பனுக்கு.

மச்சான், உன் கோபம் எனக்குப் புரியுது. நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 2024-25-க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, அவங்க திட்டத்துல கையெழுத்துப் போடலைங்கிற ஒரே காரணத்துக்காக நிறுத்தி வச்சாங்க. அந்தக் கோபம் எனக்கும் இருக்கு. ஆனா நீ உதாரணம் காட்டுற பிரிட்டன்ல என்ன நடந்துச்சுன்னு பாத்தியா?

2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்கலாமா, வெளியேறலாமா? கேள்வி ஒண்ணு, பதில் ரெண்டு. வெளியேறலாம்னு 51.9 சதவீதம், இருக்கலாம்னு 48.1 சதவீதம். சிவப்பு பஸ் ஒண்ணுல, வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகுது, அதை நம்ம ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கலாம்னு எழுதி ஊர் ஊரா ஓட்டினாங்க. அந்தக் கணக்கு தப்புன்னு அந்த நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே சொல்லுச்சு. ஆனா பஸ் போன வேகத்துக்கு மறுப்பு போகலை. நம்ம குரூப்ல வர்ற ஃபார்வேர்டு மாதிரியேதான்.

'ஆம்' அமுக்குறதுக்கு ஒரு நிமிஷம். வெளியே வர்றதுக்கு 2020 ஜனவரி 31 வரைக்கும் ஆச்சு. வாக்கெடுப்பு வச்ச கேமரன் மறுநாளே ராஜினாமா அறிவிச்சார். அடுத்து வந்த தெரசா மே, ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்துல நிறைவேத்த முடியாம பதவியை விட்டார். ஏன் இத்தனை இழுபறி? எப்படி வெளியேறணும், எல்லையில என்ன பண்ணணும், சுங்கம் யார் வாங்கணும்னு அந்த வாக்குச்சீட்டுல ஒரு வரி கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்து மக்கள்ல 62 சதவீதம் பேர் ஒன்றியத்துலயே இருக்கணும்னு ஓட்டுப் போட்டாங்க. வட அயர்லாந்துலயும் 'இருக்கணும்'தான் பெரும்பான்மை. ஆனாலும் அவங்களையும் இழுத்துக்கிட்டுத்தான் வெளியேறினாங்க. இன்னைக்கு இங்கிலாந்துல இருந்து வட அயர்லாந்துக்கு, அதாவது ஒரே நாட்டுக்குள்ளேயே, சரக்கு அனுப்ப பேப்பர் வேலை பாக்க வேண்டியிருக்கு.

இதை நம்ம ஊருக்குக் கொண்டு வா.

ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து வருது? பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா. அந்தப் பஞ்சு நூலாகி, சத்திரப்பட்டி தறிகள்ல பேண்டேஜ் துணியாகி, நாடு முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போகுது. நீ 'ஆம்' அமுக்கின மறுநாள் அந்தப் பஞ்சு வெளிநாட்டுச் சரக்கு. அந்தத் துணி ஏற்றுமதிச் சரக்கு. நம்ம ஊர் சப்பட்டை மாம்பழத்தை ஏத்திக்கிட்டுச் செங்கோட்டை தாண்டிப் போற வண்டி, புளியரையில பாஸ்போர்ட் காட்டணும்.

தண்ணி? காவிரிக்கு இன்னைக்கு ஒரு நடுவர் மன்றத் தீர்ப்பு, ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஒரு ஆணையம் இருக்கு. 2018 பிப்ரவரி 16 தீர்ப்புல நமக்கு 177.25 டிஎம்சி-ன்னு எழுதியிருக்கு. அது நமக்குப் பத்தாது, அதுவும் ஒழுங்கா வரலை, உண்மைதான். ஆனா வெளியே போயிட்டா அந்தத் தீர்ப்பைக் காட்டி எந்தக் கோர்ட்ல நிப்ப?

இன்னொண்ணு கேக்குறேன். ராஜபாளையத்துல எத்தனை தெருவுல வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுறாங்கன்னு உனக்கே தெரியும். தலைமுறை தலைமுறையா இந்த ஊரைக் கட்டின ஜனங்க. ஆம் / இல்லைன்னு ஒரு கோடு கிழிச்சா, அந்தக் கோடு மாநில எல்லையில மட்டுமா விழும்? நம்ம தெருவுலயும் விழும்டா.

"அப்போ அண்ணா கேக்கலையா?"ன்னு கேப்ப. கேட்டார். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

1949 செப்டம்பர் 17-ல் கழகம் பிறந்தபோது திராவிட நாடு கோரிக்கையோடுதான் பிறந்தது. 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் தன் முதல் உரையிலேயே, டெல்லியின் முகத்துக்கு நேராக, திராவிடன் என்ற பெருமையோடு சுயநிர்ணய உரிமை கேட்டார் பேரறிஞர் அண்ணா. அதே ஆண்டு அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியது. அண்ணா பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்தினார், யுத்த நிதி திரட்டச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒன்றிய அரசு 1963-ல் 16-வது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டு வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் தேர்தலில் நிற்கவே முடியாது என்ற நிலை. அண்ணா அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். சட்டமான பிறகு, கழகம் கோரிக்கையைக் கைவிட்டது.

"பயந்துட்டாங்க"ன்னு அன்னைக்கும் சொன்னாங்க, இன்னைக்கும் சொல்றாங்க. பயந்தவங்க அதுக்கப்புறம் என்ன பண்ணாங்கன்னு பாரு.

1967-ல் ஆட்சியைப் பிடித்தார்கள். நம்ம விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவர், பெ. சீனிவாசன், பெருந்தலைவர் காமராஜரைத் தோற்கடித்தார். 1965 மொழிப்போரும் இந்தத் தேர்தல் முடிவும் சேர்ந்து, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று 1967-லேயே சட்டத்தைத் திருத்த வைத்தன. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். 1969-ல் ராஜமன்னார் குழு. 1974 ஏப்ரல் 16-ல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம். 1994-ல் 69 சதவீத இடஒதுக்கீட்டைக் காக்க 76-வது அரசியல் சட்டத் திருத்தம்.

கோரிக்கையைத்தான் அண்ணா கைவிட்டார், காரணங்களைக் கைவிடலை. அந்தக் காரணங்களுக்கு உள்ளேயிருந்தே மருந்து தேடினார். இன்னைக்கு நீ தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் படிச்சு என்ஜினியர் ஆனதுல அந்த மருந்துக்குப் பங்கு இருக்கு.

இப்ப அண்ணாச்சிக்கு வர்றேன்.

அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. மாநில உரிமை கேட்டா பிரிவினைன்னு சொல்றீங்களே, நம்ம மாவட்டக் கதை ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு, விருதுநகர் சங்கரலிங்கனார். காந்தியவாதி. இந்த மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு'ன்னு பேர் வைக்கச் சொல்லி, இன்னும் பல கோரிக்கைகளோட 76 நாள் உண்ணாவிரதம் இருந்து, 1956 அக்டோபர் 13-ல் உயிரை விட்டார். அவர் பிரிவினைவாதியா? அந்தப் பேருக்காக மாநிலங்களவையில் மசோதா கொண்டு வந்தவர் பூபேஷ் குப்தா, வங்காளத்துக் கம்யூனிஸ்ட். அவர் பிரிவினைவாதியா? 1967 ஜூலை 18-ல் சட்டமன்றத்தில் தீர்மானம், 1969 ஜனவரி 14-ல் பேர் நடைமுறைக்கு வந்தது. இந்தியா உடைஞ்சா போச்சு?

ரெண்டு, நம்ம ஊர் குமாரசாமி ராஜா. காங்கிரஸ்காரர்தான், நம்ம கட்சி இல்லை. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த தியாகி. அவர் சென்னை மாகாண முதலமைச்சரா இருந்தப்போதான், 1951 ஏப்ரல்ல, வகுப்புவாரி உரிமை ஆணை செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. பெரியாரும் அண்ணாவும் தெருவுல இறங்கினாங்க. அவர் அரசும் அந்த ஆணைக்காகவே கோர்ட்டுல நின்ன அரசு. ரெண்டே மாசத்துல அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்துச்சு, இடஒதுக்கீட்டுக்கு வழி பிறந்துச்சு. சென்னை மாகாணத்துப் பிள்ளைகளுக்காகக் கேட்டதுல, இந்தியா முழுக்க இருக்கிற பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளுக்குக் கதவு திறந்துச்சு அண்ணாச்சி! மாநிலம் குரல் கொடுத்ததால ஒன்றியத்துக்கு நஷ்டமா, லாபமா?

இப்ப உங்க வீட்டு சாதிச் சான்றிதழையோ, எந்த அரசாங்கப் பேப்பரையோ எடுங்க. மேல முத்திரையைப் பாருங்க. பின்னால கோபுரம். அது எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்னு நாம சொல்றோம், மதுரைக்காரங்க அவங்க மேலக் கோபுரம்கிறாங்க, அந்தச் சண்டை நமக்குள்ள இருக்கட்டும். கோபுரத்துக்கு முன்னால அசோகர் தூணின் சிங்கங்கள். ரெண்டு பக்கமும் தேசியக் கொடி. கோபுரம் சிங்கத்தை மறைக்கலை. சிங்கம் கோபுரத்தை இடிக்கலை. எங்க கட்சி கேக்குற மாநில சுயாட்சி இவ்வளவுதான்.

2023 பொங்கல் அழைப்பிதழ் ஞாபகம் இருக்கா? ஆளுநர் மாளிகையிலிருந்து வந்ததுல கோபுரத்தைக் காணோம், சிங்கம் மட்டும் இருந்துச்சு. 'தமிழ்நாடு'ங்கிற பேரையும் காணோம், 'தமிழக ஆளுநர்'னு இருந்துச்சு. அன்னைக்கு அந்த முத்திரையைப் பிரிச்சது யாரு அண்ணாச்சி? நாங்களா?

ஒரு ஒன்றியம் எப்படி உடையும்னு தெரியணும்னா, கடல் தாண்டிப் பாருங்க. 1956. இங்கே மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அதே ஆண்டு, இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தந்தை செல்வா தனிநாடா கேட்டார்? கூட்டாட்சி கேட்டார். 1957-ல் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் போட்டார், அடுத்த வருஷமே அது கிழிக்கப்பட்டது. கூட்டாட்சியை மறுத்து மறுத்து, 1976-ல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வரைக்கும் தள்ளினார்கள். 1983-ல் பிரிவினையை ஆதரிக்கவே கூடாதென்று ஆறாவது திருத்தம் போட்டார்கள். உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழ் எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். பேசுகிற வாயை அடைத்தார்கள். பிறகு பேசியது துப்பாக்கி. 2009 மே வரைக்கும் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

இங்கேயும் 1963-ல் ஒரு திருத்தம் வந்தது. ஆனால் இங்கே பிரிவினையின் கதவு மூடியபோது, தேர்தல், சட்டமன்றம், நீதிமன்றம், மொழி என்ற கதவுகள் திறந்திருந்தன. அண்ணா அந்த வழியாக உள்ளே போனார். அந்தக் கதவுகளையும் இன்னைக்கு ஒவ்வொண்ணா சாத்தப் பாக்குறவங்களைத்தான் நீங்க 'தேசபக்தர்'னு கூப்பிடுறீங்க.

ஜி.எஸ்.டி. கவுன்சிலை எடுத்துக்கங்க. ஒன்றிய அரசுக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு. எந்த முடிவுக்கும் நாலுல மூணு பங்கு வேணும். அத்தனை மாநிலமும் சேர்ந்து கை தூக்கினாலும் டெல்லி தலையாட்டாம ஒண்ணும் நகராது. 2021 பட்ஜெட்ல வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத வரி விழுந்துச்சு. ராஜபாளையம் மில்லைக் கேட்டா போட்டாங்க? இதைக் கேள்வி கேக்குறது பிரிவினைன்னா, மில்லுல நைட் ஷிப்ட் பாக்குற ஒவ்வொரு அக்காவும் பிரிவினைவாதிதான்!

தோழர்களே,

உள்ளே இருந்து போராடுறது லேசான வேலைன்னு நான் சொல்லலை. மசோதாக்களை ஆளுநர் முடக்கினதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனோம். 2025 ஏப்ரல் 8-ல் பத்து மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைச்சதாகவே தீர்ப்பு வந்துச்சு, பட்டாசு வெடிச்சோம். நவம்பர் 20-ல், கோர்ட் காலக்கெடு விதிக்க முடியாதுன்னு அரசியல் சாசன அமர்வு கருத்துச் சொல்லுச்சு. நம்ம முகம் தொங்கிப் போச்சு. ஆமா, இப்படித்தான் இருக்கும். ஒரு அடி முன்னால, அரை அடி பின்னால. பேர் மாத்தவே தியாகியின் சாவுக்கப்புறம் 12 வருஷம் ஆச்சு.

ஆனா அந்த 12 வருஷமும் ஒவ்வொரு படியா ஏறினாங்க. போல் போட்டுட்டு ரீல்ஸ் பாக்கப் போகலை.

அதனால என் நண்பனுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் போலை அழிச்சிட்டு, ராஜமன்னார் குழு அறிக்கையைத் தேடிப் படி. 2025-ல் நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில மாநில உரிமைகளை ஆராயக் குழு அமைச்சது எதுக்குன்னு படி. சந்தேகம் இருந்தா வா, பேசுவோம்.

அண்ணாச்சிக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை போஸ்டரைப் பாத்தா கிட்ட வந்து முழுசா வாசிங்க. டீ காசு நான் தர்றேன்.

இந்த வீட்டுல நாமளும் பங்காளி. பங்காளி தன் பங்கைக் கேட்டா, வீட்டை இடிக்க வந்தவன்னு சொல்லாதீங்க. பங்கு தரலைன்னு நாமளும் வீட்டை விட்டு ஓட மாட்டோம்.

மாநிலத்தில் சுயாட்சி! மத்தியில் கூட்டாட்சி!

படிச்சவங்க பகிருங்க. 'ஆம்' அமுக்கின நண்பருக்கும், 'பிரிவினை'ன்னு திட்டுற மாமாவுக்கும் கண்டிப்பா அனுப்புங்க.

#மாநிலசுயாட்சி #தமிழ்நாடு #ராஜபாளையம் #ஸ்ரீவில்லிபுத்தூர்